அந்தத் தடித்த ராணுவ நாவல்களில் அப்படி என்ன இருக்கிறது?

தங்கச்சி, உங்கள் மகன் படிவம் மூன்று படிக்கிறான். பாடப் புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடுகிறது. அட்டையில் ஹெலிகாப்டரும் நெருப்பும் போட்ட ஐந்நூறு பக்க ஆங்கில நாவலை மட்டும் இரண்டே நாளில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கிறான். நீங்கள் நடுவில் பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்தீர்கள். ஒருவன் விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதிக்கிறான், இன்னொரு விமானத்தின் இறக்கையைப் பிடித்துத் தொங்குகிறான், தொங்கிக்கொண்டே சுடுகிறான். "இந்தக் கூத்தில் என்னதான் இருக்கிறது அண்ணே? தடுக்கவா, விடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடுங்கள். பதில் அவ்வளவுதான். ஏன் விடச் சொல்கிறேன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெரு அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், 1984 முதல் 2006 வரை வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தவன். மூன்று வெள்ளி முன்பணம், வாரத்துக்கு ஐம்பது காசு வாடகை. தமிழில் குடும்ப நாவல், துப்பறியும் நாவல், பழைய வார இதழ்கள் வைத்திருந்தேன். ஆங்கிலப் புத்தகங்களை ஈப்போவில் மூட்டையாக விலை பேசி எடுத்து வருவேன். அந்த மூட்டையில் அதிகம் கைமாறியது இந்த ராணுவ அதிரடி நாவல்கள்தான். முதுகு பிளந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகி, அதன்மேல் இன்னொரு டேப் ஒட்டியிருக்கும். எடுத்துப் போனவர்கள் லாரி ஓட்டுபவர்கள், இரவு ஜாகா (காவல்) வேலை பார்ப்பவர்கள், செம்பனை ஆலைத் தொழிலாளிகள், பள்ளிப் பையன்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆங்கிலம் சரளமாகப் பேச வராதவர்கள்கூட இதை மட்டும் ஆங்கிலத்தில் படித்தார்கள். தெரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். கதை இழுத்துக்கொண்டு போகும்.

அவர்களில் ஒருவரை நாங்கள் பாய்லர் அண்ணன் என்று கூப்பிடுவோம். ஆலையில் கொதிகலன் வேலை, பெரும்பாலும் இரவு முறை. அவர் திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தில் பக்கம் புரட்டிய இடமெல்லாம் எண்ணெய் பட்ட கட்டைவிரல் ரேகை இருக்கும். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து சாப்பாட்டுக் கடைக்கு வருவார். அங்கே ஆங்கிலம் படிக்கத் தெரியாத நாலைந்து பேர் அவருக்காகக் காத்திருப்பார்கள். ராத்திரி படித்ததை அவர் தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே நடப்பு. நானூறு பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எதிரி வருகிற பள்ளத்தாக்கு அவர் வாயில் நம் ஊர்த் தீம்பாராக, அதாவது ரப்பர் மரக்காடாக, மாறிவிடும். "மூணாவது நிரையில ஒருத்தன், அஞ்சாவது நிரையில ரெண்டு பேரு" என்று மேசைமேல் கிளாஸை நகர்த்திக் காட்டுவார்.

ஒரு நாள் நானும் உட்கார்ந்து கேட்டேன். அவர் எதை விடுகிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்று கவனித்தேன். துப்பாக்கியின் மாடல் எண்ணெல்லாம் போய்விட்டது. ஜனாதிபதி மாளிகையில் நடக்கும் கூட்டம், அரசியல் பேச்சு எதுவும் இல்லை. ஓர் இடத்தை மட்டும் விலாவாரியாகச் சொன்னார். கடைசி ஹெலிகாப்டர் கிளம்பப் போகிறது. கால் முறிந்த ஒரு சிப்பாய் கீழே கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான். மேலிடம் புறப்படு என்று ஆணையிடுகிறது. கேப்டன் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். பாய்லர் அண்ணன் அங்கே நிறுத்தி ஒரு மடக்கு தேநீர் குடித்தார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையில் குவளையோடு அப்படியே நின்றார்.

"திரும்பிப் போனானா லா?" என்று ஒருவர் கேட்டார்.

"போனான்."

பக்கத்தில் இருந்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டியே வயதான பெரியவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம மண்டோரா இருந்தா கணக்குல கழிச்சிட்டுப் போயிருப்பான்." மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி.

இந்த நாவல்களின் ஈர்ப்பு என்னவென்று எனக்குப் புரிந்தது அந்தக் காலையில்தான். அதுவரை நானும் எல்லாரையும் போல, வெடியும் வேகமும்தான் ஆளை இழுக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நம் தோட்ட வாழ்க்கை எப்படி அமைந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, அதாவது வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பெரட்டு என்ற சொல்லே பட்டாளத்துப் பரேட்டிலிருந்து வந்ததுதான். வீடுகள் இருந்தது லயம். லைன் என்பதுதான் லயமாயிற்று. பட்டாளத்திலும் சிப்பாய்கள் தங்குமிடத்துக்கு லைன்ஸ் என்றுதான் பெயர். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அதற்குக் கீழே மண்டோர், அடியில் நாம். பெயர் கூப்பிட்டால் ஆஜர் சொல்ல வேண்டும். கொடுத்த நிரையில் நிற்க வேண்டும். ஆணை மேலிருந்து கீழே வரும், கீழிருந்து மேலே எதுவும் போகாது. இப்படி மூன்று தலைமுறை வாழ்ந்த மக்களுக்கு ராணுவ நாவலில் வரும் பதவி வரிசையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தியாயத் தலைப்பில் 0430 என்று நேரம் போட்டிருந்தால் மற்றவர்களுக்கு அது புதிய பாஷை. நமக்கு அது அம்மா அடுப்பு மூட்டிய நேரம்.

ஆனால் அந்த வரிசையில் மேலே இருந்த யாரும் கீழே விழுந்தவனுக்காகத் திரும்பி வந்ததில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், லயத்தில் இருந்தவர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்கென்று மலாயா இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதை நம் ஊரில் இன்றும் கும்பிட்டுத்தான் சொல்கிறார்கள். சுங்கை சிப்புட்காரர்தானே அவர். ஒருவர் திரும்பிப் பார்த்தார் என்பதற்கே அவ்வளவு நன்றி. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. ஆள் குறைந்தது. மிச்சம் இருந்தவர்களும் பட்டணத்து வாடகை வீட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். அப்படி வந்த ஒருவன் ராத்திரி வேலையில் உட்கார்ந்து ஒரு கதை படிக்கிறான். அதில் அதிகாரி ஒருவன், பெயர்கூடச் சரியாகத் தெரியாத கடைநிலைச் சிப்பாய்க்காக ஏணியிலிருந்து காலை எடுக்கிறான். விமான இறக்கையில் தொங்கிக்கொண்டு சுடுவது அந்த வாசகனுக்குப் பெரிய மிகையாகத் தெரியவில்லை. அவன் வாழ்க்கையில் பார்க்காத மிகை இந்த ஏணிக் காட்சிதான். அதற்காகத்தான் மீதி நானூறு பக்கத்தைப் படித்தான்.

உங்கள் மகன் தோட்டத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் பதினைந்து வயதும் ஒரு வகையில் பெரட்டுதான். எழுந்திரு, உட்கார், இதைப் படி, அதைத் தொடாதே. அவன் எடுக்கும் முடிவு எதுவும் எதையும் மாற்றாத வயது அது. அந்தக் கதையிலோ ஒருவன் மூன்று நொடியில் முடிவெடுக்கிறான், அடுத்த நொடியில் பலன் தெரிந்துவிடுகிறது. தப்பு செய்தால் அதுவும் உடனே தெரிகிறது. அந்தச் சுகம் சின்னப் பிள்ளைத்தனமில்லை, தங்கச்சி. கம்பெனியில் முப்பது வருடம் கையெழுத்துக்காகக் காத்திருந்த ஆளுக்கும் அதே சுகம்தான்.

இனி எழுத்தின் பக்கம் வருவோம். இதை யாரும் மதித்துப் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வேகமாக எழுதுவது லேசான வேலை என்று நினைக்கிறார்கள். ஒரு பள்ளி விடுமுறையில் கடைக்கு வரும் ஐந்தாறு பையன்களை உட்காரவைத்து, "வாங்கடா, நாமே ஒன்று எழுதலாம்" என்றேன். களம் காராய் விக்டோரியா பாலம். பேராக் ஆற்றின் மேல் 1900இல் திறந்த ரயில் பாலம், ஒற்றைத் தண்டவாளம், பக்கவாட்டில் ஒடுக்கமான நடைபாதை, கீழே செங்கல் தூண்கள். அப்போது அதில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கதை இதுதான்: பாலத்தில் குண்டு வைத்திருக்கிறார்கள், பதினோரு நிமிடத்தில் ஈப்போ ரயில் வரும், ஐந்து கமாண்டோக்கள் போகிறார்கள்.

பையன்கள் எழுதியது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. ஓடினார்கள், குண்டைக் கழற்றினார்கள், ரயில் போய்விட்டது. அவர்களுக்கே பிடிக்கவில்லை. குண்டு தண்டவாளத்தில் இல்லை, மூன்றாவது தூணின் இடுப்பில் இருக்கிறது என்றேன். கயிறு கட்டி இறங்குகிறார்கள். கயிறு எட்டவில்லை. மேலே செண்டரோ அணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஏறுகிறது. அதுவே உதவியாயிற்று, படகிலிருந்து எட்டிவிடலாம் என்றான் ஒருவன். சரி, படகு வருகிறது. அதே தண்ணீர் படகைத் தூணில் மோத வைக்கிறது, ஒருவன் விழுந்து கயிற்றில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்குகிறான். கத்தி வேண்டும். கத்தி எங்கே? அப்போது எல்லாரிலும் சின்னவன், நன்றாகப் படிக்காதவன் என்று பெயர் எடுத்தவன், கத்தினான்: "முதல் பக்கத்துல அவன் அப்பா பால் வெட்டுற கத்தியைப் பையில போட்டுக் கொடுத்தாருன்னு எழுதிடலாம் அங்கிள்!"

நான் எழுந்து நின்று கை தட்டினேன். எந்தப் பாடத்திலும் சொல்லித்தராத ஒன்றை அவன் தானே கண்டுபிடித்துவிட்டான். கடைசியில் தேவைப்படுவதை முதலிலேயே, யாரும் கவனிக்காதபடி வைத்துவிட வேண்டும். வாசகன் மறந்திருக்க வேண்டும், ஆனால் பார்க்காமல் இருந்திருக்கக் கூடாது. ஒரு சிக்கலின் விடையே அடுத்த சிக்கலாக வேண்டும். தண்ணீர் உதவியாக வந்து எதிரியாக மாறியதே, அப்படி. அத்தியாயம் மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, கயிறு அறும் இடத்தில் வெட்டிவிட்டு ரயில் ஓட்டுநரிடம் போய்விட வேண்டும். ஒன்றை நம்புவதற்கு அவகாசம் வேண்டும். நம்பாமல் இருப்பதற்கும் அவகாசம் வேண்டும். இந்த எழுத்தாளர்கள் இரண்டாவது அவகாசத்தைத்தான் தருவதில்லை.

இன்னொன்று, அதிகம் பேர் பார்க்கத் தவறுவது: வேகத்துக்கு அடியில் தெளிவு இருக்கிறது. எந்தத் தூண், ஆற்றின் எந்தக் கரை, யாருக்கு வலப்பக்கம் யார் என்று வாசகனுக்கு ஒரு கணம் குழம்பினாலும் வேகம் செத்துவிடும். அதனால்தான் பல நாவல்களில் முன்னாலேயே வரைபடம் போட்டிருப்பார்கள். சரியில்லாத அதிரடி நாவலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: சண்டை நடக்கும்போது கதவு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அந்தப் புத்தகத்தை மூடிவிடலாம்.

இந்த வகை ஒரே மாதிரியானதும் அல்ல. போரைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியது ஒரு வழி. அலிஸ்டர் மக்லீன் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் இருந்தவர். 1945இல் அவர் கப்பல் நம் மலாயாப் பக்கமும் வந்திருக்கிறது. அவர் எழுத்தில் குளிரும் பசியும் களைப்பும் கனமாக இருக்கும். இன்னொரு வழி கருவிகளின் வழி. அமெரிக்காவின் டாம் கிளான்சி ராணுவத்தில் இருந்ததே இல்லை, காப்பீட்டு முகவர். படித்தும் விசாரித்தும் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுதிய முதல் நாவலை 1984இல் ஒரு கடற்படைப் பதிப்பகம் வெளியிட்டது. அதற்கு முன் அந்தப் பதிப்பகம் புனைகதையே போட்டதில்லை. அதிபர் ரீகன் பாராட்டியபின் அது எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது வழிதான் உங்கள் மகன் கையில் இருப்பது, வேகத்தையே முதலாக வைத்தது. அதில் பெரிய பெயர் ஆஸ்திரேலியாவின் மேத்யூ ரைலி. முதல் நாவலைப் பதிப்பகங்கள் ஏற்காததால் 1996இல் சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சடித்தார். அதில் ஒன்று சிட்னியில் ஒரு கடையில் ஒரு பதிப்பாசிரியர் கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான். உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள், கண் விரியும்.

"இவ்வளவு மிகை எதற்கு" என்று கேட்டீர்கள். தமிழர் நாம் அப்படிக் கேட்கவே கூடாது என்பேன். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவன்மேல் பாடுவதுதான் பரணி என்று இலக்கணமே வகுத்து வைத்தவர்கள் நாம். யானையை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடினார். போர் முடிந்த களத்தில் பசித்த பேய்கள் குருதியை உலைநீராக வைத்துக் கூழ் சமைக்கும், பந்தி பரிமாறும், உண்டுவிட்டு ஆடும். அந்தச் சந்தத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், குதிரை ஓடுவது காதில் கேட்கும். வேகமும் மிகையும் போரும் சேர்ந்தது நமக்கு ஒன்பது நூற்றாண்டுப் பழக்கம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும்போது, கதாநாயகன் ஒற்றைக் கத்தியில் இருபது பேரைச் சாய்ப்பான். அது நடக்காது என்று திடலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் விசில் அடித்தார்கள். மிகை என்பது ஏமாற்று இல்லை. 'இங்கே அளவுகோலை வெளியே வைத்துவிட்டு வா' என்று எழுதுபவனும் கேட்பவனும் செய்துகொள்ளும் உடன்பாடு.

ஆனாலும் அளவுகோலை மறந்துவிடக் கூடாது. அதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். கம்யூனிஸ்டுகளோடு இரண்டாவது போராட்டம் 1968இல் தொடங்கி 1989 டிசம்பரில் ஹாட் யாய் ஒப்பந்தத்தோடு முடிந்ததல்லவா, அந்தக் காலத்தில் தாய்லாந்து எல்லைக் காட்டில் இருந்தவர். என்னிடம் எடுக்கும் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார். சரி என்றால் ஒரு கோடு, பொய் என்றால் பெருக்கல் குறி. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் 'பென்சில் போட்ட புத்தகம் இருக்கா' என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

அவர் போட்ட பெருக்கல் குறிகளிலிருந்து நான் நிறையக் கற்றேன். ஓசை அடக்கி மாட்டிய துப்பாக்கி நாவலில் இருமல்போல் சத்தம் தரும். நிஜத்தில் ஒரு ரைஃபிளின் சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும், அடக்கி அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமே காதை அடைத்துவிடும், பக்கத்து அறையில் தூங்குகிறவன் கட்டாயம் எழுந்துவிடுவான். கையெறி குண்டின் ஊசியைப் பல்லால் பிடுங்குவார்கள். நிஜத்தில் பிடுங்கினால் பல்தான் வரும். பிடியை விட்டபின் நான்கைந்து நொடிதான், அதற்குள் நாவலில் இரண்டு பேர் வசனம் பேசி முடிப்பார்கள். வெடித்தால் பெரிய தீப்பந்து எழும் என்று எழுதுவார்கள், ஆளைக் கொல்வது தீ இல்லை, தெறிக்கும் இரும்புச் சில்லு.

இவ்வளவு பொய் என்று தெரிந்தும் ஏன் வாரத்துக்கு ஒன்று எடுக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "காட்டுல பதினாலு நாள் ரோந்து போவோம் தம்பி. மழை. அட்டை. பூட்ஸுக்குள்ள தண்ணி. பதினாலு நாளும் ஒண்ணும் நடக்காது. ஆனா ஒவ்வொரு நிமிஷமும் நடக்கும்னே நிக்கணும். அந்தப் பதினாலு நாளுக்கும் சேர்த்துத்தான் இது" என்றார். காத்திருந்து காத்திருந்து உள்ளே இறுகிப் போனது, கதையில் ஒருவன் ஓடும்போது அவிழ்கிறது. நான் கேட்டதில் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

நம் ஊருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். 1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்தில் ஒருவர், இன்னொரு தோட்டத்தில் இருவர் என்று மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டித்தான் அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. என் அப்பா அப்போது இளவட்டம். லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டதையும், பால் வெட்டப் போகும்போது வாசலில் நிறுத்திச் சோதனை செய்ததையும், காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்ததையும் சொல்லியிருக்கிறார். அதில் வேகமே கிடையாது. பன்னிரண்டு வருடம் மெதுவாக நகர்ந்த பயம் அது. அப்பா என் கடையில் வந்து உட்காருவார், எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பார்ப்பார், இந்த நாவல்களை மட்டும் தொட்டதில்லை. நான் வற்புறுத்தியதும் இல்லை.

2000 ஜூலை 2ஆம் தேதி கிரிக் வட்டாரத்தில் ஒரு கும்பல் ராணுவ அதிகாரிகளைப்போல் சீருடை போட்டுக்கொண்டு, பஜேரோ வண்டிகளில், திடீர்ச் சோதனை என்று சொல்லி முகாமுக்குள் புகுந்து எம்-16 துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. நாவலில் எழுதினால் 'நடக்காத கதை' என்று நம் ராணுவ வீரர் பெருக்கல் குறி போட்டிருப்பார். நடந்தது. கோல கங்சாரைத் தாண்டி சௌக்கில் குன்றின்மேல் நான்கு பேரைப் பிணை பிடித்தார்கள். அதில் இருவர் உயிரோடு திரும்பவில்லை. ஒருவர் நம் தமிழர், துப்பறியும் பிரிவுக் காவலர் சகாதேவன். மற்றவர் சரவாக்கைச் சேர்ந்த ராணுவக் கமாண்டோ மேத்யூ மெடான். அந்த வாரம் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போகும் சத்தம் கேட்டால் கடைத்தெருவில் பேச்சு நின்றுவிடும். ஹெலிகாப்டர் படம் போட்ட புத்தகங்களை நான் முன் வரிசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். மாதக் கடைசிவரை யாரும் கேட்கவும் இல்லை. துயரம் எது, கதை எது என்று அந்த வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த நாவல்களில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு, மறைக்கப் போவதில்லை. களம் ஆசியாவாக இருந்தால் அங்கே வாழும் மக்களுக்கு முகமே இருக்காது. ஓடுவார்கள், சந்தையில் தள்ளுவண்டி கவிழும், அத்தோடு சரி. சயாம் மரண ரயில் என்றாலே வெள்ளைக்காரக் கைதிகள்தான் உலகத்துக்குத் தெரியும். 415 கிலோமீட்டர் பாதையில் அவர்கள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது, அதில் நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர் ஆயிரமாயிரம். எந்த அதிரடி நாவலிலாவது ஏணியிலிருந்து இறங்கி வந்த கேப்டன் அவர்களில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனானா? நான் படித்த வரையில் இல்லை. இதனால் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். படித்த பிள்ளைகளில் ஒருவன் அந்தக் கதையை எழுதட்டும் என்பேன். உலு கிந்தாவில் வாட் 69 போலீஸ் கமாண்டோக்களின் தளம், காராயில் பாலம், ஊருக்குப் பின்னால் காடு, பாட்டன் சொன்ன கதைகள். பொருளெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

இப்போது உங்கள் மகன். ஐந்நூறு பக்கத்தை இரண்டு நாளில் முடிக்கிற பிள்ளைக்குப் படிக்க வராது என்று யாரும் சொல்ல முடியாது. தொடர்ந்து ஒரு விஷயத்தில் உட்காரும் பலம் அவனிடம் இருக்கிறது. தடுத்தால் ஒளித்துப் படிப்பான், அல்லது படிப்பதையே விட்டுவிட்டுக் கைப்பேசிக்குப் போய்விடுவான். இரண்டாவதுதான் ஆபத்து. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவன் படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'டேய் சும்மா சொல்லு, எனக்கு அந்த இங்கிலீஷ் புரியல' என்று சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்வான். முதலில் தட்டுத் தடுமாறுவான். டெட்டனேட்டருக்குத் தமிழில் என்ன என்று உங்களைக் கேட்பான், இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். பாய்லர் அண்ணனின் பேத்தி இன்று தமிழாசிரியை. தாத்தா கதை சொல்லக் கேட்டுத்தான் தமிழ் பிடித்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கதை சொல்லும்போது செத்தவர்களை எண்ணிக் குஷிப்படுகிறானா, யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லும்போது குரல் மாறுகிறதா? இரண்டாவது என்றால் கவலையே வேண்டாம். முதலாவது என்றால்கூடப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், எங்கள் அப்பாவின் கம்பிவேலிக் கதையைச் சொல்லுங்கள், சௌக்கில் நடந்ததைச் சொல்லுங்கள்.

கடையை மூடியபோது நாலு பெட்டி புத்தகத்தை விற்க மனம் வராமல் வீட்டில் வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்து வாருங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பெட்டியில் கடைசி எட்டுப் பக்கம் இல்லாத நாவல் ஒன்று இருக்கிறது. பென்சில் குறியும் எண்ணெய் ரேகையும் இரண்டும் அதில் உண்டு. அது திரும்பி வரும்போதெல்லாம் ஆளாளுக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பாய்லர் அண்ணன் சொன்ன முடிவில் எல்லாரும் வீடு திரும்பினார்கள். ராணுவ வீரர் சொன்ன முடிவில் கேப்டன் மட்டும் திரும்பவில்லை. உங்கள் மகனிடம் முதலில் அதைத்தான் கொடுப்பேன். மூன்றாவது முடிவு என்னவென்று எனக்கும் கேட்க வேண்டும்.